பந்தக்கால் நட்ட பிறகு எடுத்த ஸ்கேன்

குருவிநத்தத்தில் பதினெட்டு வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றுவிட்டேன். மீதிப் படிப்பெல்லாம் துணி கொடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். "எங்க மாமியாருக்குக் கோவம் வந்தா அடி படறது பாத்திரத்துக்குத்தான்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வாரத்துக்கு எனக்கு அது போதும். யார் என்ன சொன்னார்கள் என்பதை இழுத்து இழுத்துச் சொல்வதில் எனக்கு ஆசை அதிகம். இங்கே எழுதப்போவதில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதவே ஆரம்பித்தேன்.

என் அக்காவை மடுகரையில் கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரருக்குக் கரும்பு, நெல் என்று கொஞ்சம் நிலம். ஒரே பெண், புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது.

அக்கா போடுகிற நைட்டி எல்லாம் நான் தைத்தது. நைட்டியில் இடுப்பு என்று ஒன்று கிடையாது. தோள் சரியாக நின்றால் போதும், மீதி தானாக விழும். அதனால் நானும் டேப்பை அவள் மேல் வைத்ததில்லை. பழைய நைட்டி ஒன்றை அனுப்புவாள், அதன் மேல் துணியைப் போட்டு வெட்டுவேன். அந்த வருஷம் பொங்கலுக்கு "ஒரு ரெண்டு இஞ்சு லூசா வுடு" என்றாள். மாசி கழிந்து இன்னும் இரண்டு இஞ்சு என்றாள். "இன்னாக்கா, கொட்டாய் போடறமா, நைட்டி தைக்கறமா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ரெண்டு வாய் சோத்துக்கே வயிறு போதும்னு சொல்லுது, ஆனா பாக்கறவங்க எல்லாம் ஒடம்பு வச்சிட்டேங்கறாங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போனதும் கை மெலிந்ததும் என் கண்ணில் பட்டன. பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட ஏக்கம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மோட்டார் கொட்டகை வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கி அவள் வரப்பில் உட்கார்ந்த நாளில்தான் நானும் மாமாவும் அவளை வில்லியனூருக்கு அழைத்துப்போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். சூல்பையில் கெட்டியாக ஒரு கட்டி, வயிறு முழுக்க நீர், வலது நுரையீரலைச் சுற்றியும் நீர், ரத்தத்தில் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது, புற்றாக இருக்கலாம் என்று சந்தேகமாக இருக்கிறது, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். இவ்வளவும் பின்னால் நிதானமாக நினைத்துப் பார்க்கும்போது வருவது. அன்றைக்கு எங்கள் காதில் விழுந்தது ஒரே சொல்தான். அதுவும் நுரையீரல் வரைக்கும் போய்விட்டது என்று.

வெளியே டீக்கடையில் மாமா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டீ ஆடை கட்டியது. "அவளுக்குத் தெரியக்கூடாது" என்றார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் கேஸ் கட்டி, வெறும் வாயு என்று ஆனது.

வயிற்று நீரை ஒருமுறை எடுத்தார்கள். பாட்டில் பாட்டிலாக வந்தது. எடுத்த நீரைச் சோதித்ததில் எதுவும் தெரியவில்லை, அதை வைத்து இல்லை என்றும் சொல்லிவிட முடியாது என்றார்கள். அக்கா இரண்டு நாள் நன்றாக மூச்சுவிட்டாள். பத்தாம் நாள் வயிறு பழையபடி ஏறிவிட்டது. ஆபரேஷன் என்ற பேச்சு வந்ததும் மாமாவின் அண்ணன் கையை வீசி மறுத்துவிட்டார். அவர்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து, திறந்தபடியே மூடி, இரண்டு மாதத்தில் எடுத்துப்போனார்கள். கத்தி பட்டால் அது ஓட ஆரம்பித்துவிடும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. இருக்கிற நாளில் நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அடுத்த பேச்சை ஆரம்பித்தது நான்தான். இதை யார் மேலும் போட முடியாது. தாய் போய்விட்டால் வருஷம் திரும்பும் வரை அந்த வீட்டில் நல்லது செய்யமாட்டார்கள். அதற்குப் பிறகு செய்தாலும் தாரை வார்க்கும்போது அப்பன் பக்கத்தில் நிற்க ஆள் இருக்காது. மாமா ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றபோது நான் சொன்னேன்.

"மாமா, அக்கா இருக்கும்போதே பொண்ணு கல்யாணத்த பாத்துடட்டுமே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர் மறுநாளே பாகூர் பக்கம் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். பையன் ஓசூரில் கம்பெனி வேலை. அவளுக்கு அத்தை மகன், சின்ன வயதிலிருந்து தெரிந்தவன்தான். கெட்டவன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வைகாசியில் தேதி குறித்தார்கள்.

பெண் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். அழுவாள் என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்றேன். அவள் முதலில் கேட்டது ஸ்கேன் ரிப்போர்ட்டை. அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"சித்தி, இதுல கேன்சர்னு போடல. சந்தேகம்னுதான் போட்டிருக்கு."

டாக்டர்கள் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள் என்றேன். அவள் விடவில்லை. சூல்பையில் வருகிற சில சாதாரணக் கட்டிகூட வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொள்ள வைக்கும், அபூர்வம்தான் ஆனாலும் உண்டு, எடுத்துவிட்டால் நீர் தானாக வற்றிவிடும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கிற மேடம் சொன்னார்களாம். அதைப் பார்த்துச் சொல்லவே பழகிய ஒரு ஸ்கேன் டாக்டர் புதுச்சேரியில் இருக்கிறாராம். மாமாவின் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, ரெண்டு வருஷம் ஊசி புடிக்க கத்துக்கினு வந்து டாக்டருக்கே பாடம் எடுக்குது பாரு என்றார். அவர் பெண்டாட்டி சிரித்தாள். பெண் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அப்பாவிடம் போய் நேராக நின்றாள்.

"நான் மாட்டேன்னு சொல்லலப்பா. கழுத்த நீட்றேன். ஆனா அம்மாவ அந்த டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டணும். அது நடக்கணும்."

மாமா சரி என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஹாஸ்டல் பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கினாள். ஒரு பிள்ளை தன் கல்யாணத்தைக் கொடுத்து ஒரு ஸ்கேனை வாங்கிக்கொண்டது. நாங்கள் அதைப் பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

அந்த டாக்டரிடம் நாள் கிடைப்பது சுலபமாக இல்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் பார்ப்பார். கிடைத்த நாள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு விழுந்தது. முந்தின நாள் பந்தக்கால் நட்டு, பெண்ணுக்கு நலங்கு வைத்தாகிவிட்டது. நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக்கூடாது. பந்தக்கால் நட்ட வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதே கூடாது என்று அக்காவின் நாத்தனார், மாப்பிள்ளையின் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் அக்காவும் மட்டும் ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம்.

இதற்குள் அக்காவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. வழியில் அவளே ஆரம்பித்தாள்.

"எனக்கு இன்னானு நீங்க யாரும் சொல்ல வாணாம். பத்திரிக அடிச்ச வேகத்துலயே தெரியுது."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "அழாதடி. எனக்கும் அவசரந்தான். அவ மாலையோட நிக்கறத பாத்துட்டா போதும்" என்றாள். பேசிய பேச்சுக்கே மூச்சு இரைத்தது.

ஸ்கேன் அறை வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்று பலகை மாட்டியிருந்தது. வயிறு தள்ளிய சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அக்காவும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

டாக்டர் என் வயதுக்காரப் பெண். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார், பிறகு உள்வழியாகவும் பார்க்கவேண்டும் என்றார். அக்கா கூச்சத்தில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே பதிந்தது. வில்லியனூரில் ஐந்து நிமிஷத்தில் முடிந்த வேலை இங்கே முடியவில்லை. கருவியை ஒரு பக்கம் அழுத்துவார், திரையைப் பார்ப்பார், வேறு பக்கம் திருப்புவார். நடுவில் ஒரு பொத்தானை அழுத்தினதும் திரையில் சிவப்பும் நீலமும் வந்தன. கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு புள்ளிகள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவை உடை மாற்ற அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். கட்டி உருண்டையாக, ஓரம் வழுவழுப்பாக இருக்கிறது. அழுத்தினால் தனியாக நகர்கிறது, வேறு எதிலும் ஒட்டிக்கொள்ளவில்லை. கட்டியிலிருந்து கறுப்பு நிழல் கோடு கோடாக விழுகிறது. எனக்கும் திரையில் காட்டினார், கீற்றுக்கொட்டகைக்குள் வெயில் இறங்குகிற மாதிரி, வெளிச்சத்துக்குப் பதில் கறுப்பு. நார் நாராகக் கெட்டிப்பட்ட சாதாரணக் கட்டியில் இப்படி விழும். புற்றென்றால் உள்ளே ரத்த ஓட்டம் தாறுமாறாக இருக்கும், இதில் அது மிகக் குறைவு. வயிற்றின் மற்ற இடங்களில் நீரைத் தவிர வேறு எதுவும் முளைத்திருக்கவில்லை. ரத்தத்தில் கூடியது இந்த நீராலும் கூடியிருக்கலாம்.

"பெரும்பாலும் இது புற்று இல்லம்மா. எடுத்துப் பரிசோதனை பண்ணாதான் முடிவா சொல்லுவாங்க. எடுத்தே ஆகணும், பயந்துகிட்டு விட்டுடாதீங்க."

சத்தியமா சொல்றீங்களா டாக்டர் என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சத்தியம் பண்றது என் வேலை இல்லம்மா. படத்துல தெரியறத சொல்றேன். நான் பாத்த வரைக்கும் இது கெட்ட கட்டி மாதிரி இல்ல."

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பும்போது அக்கா கேட்டதற்கு, ஆபரேஷன் பண்ணிக்கலாமாம், பயமில்லையாம் என்று மட்டும் சொன்னேன். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாய் என்பது மாதிரி என் தொடையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் சொன்னது உண்மையாக இருந்தால் இந்தக் கல்யாணம் எதற்கு என்ற கேள்வி மட்டும் ஆட்டோவோடு கூடவே ஓடிவந்தது.

வீட்டில் சமையல் பாத்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மாமாவைக் கிணற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நான் பேசுவதைக் கேட்பதைவிட என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமா சொன்னாங்களா?"

"பெரும்பாலும்னு சொன்னாங்க மாமா."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரும்பாலும்ன்றத வச்சிகினு நான் எங்கக்கா வூட்ல போயி இன்னானு சொல்லுவேன்? பந்தக்கால் நட்டாச்சு. இப்ப நிறுத்திட்டு, நாளைக்கு அது புத்துதான்னு ஆயிட்டா? அவளும் இல்லாம, கல்யாணமும் இல்லாம எம்பொண்ணு நிக்கணுமா?"

இத்தனை பேச்சு பேசுகிற வாய், அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் மாமா என்று சொல்லியிருக்கலாம். பெண்ணையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து, "பொண்ணாண்ட இப்ப எதுவும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எண்ணப் போனார்.

உள் அறையில் பெண்ணின் முகத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. நான் நுழைந்ததுமே எழுந்துவிட்டாள்.

"இன்னா சித்தி சொன்னாங்க?"

"எடுத்துப் பாத்தாதான் தெரியுமாம்."

இது பொய் இல்லை. டாக்டர் சொன்னதில் பாதி.

"கலர் போட்டுப் பாத்தாங்களா? உள்ள ரத்த ஓட்டம் எப்பிடி இருக்குதாம்?"

"அதெல்லாம் எனக்கு எங்கடி புரியுது?"

இது பொய். எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. கறுப்புக் கோடும் அந்த ஒன்றிரண்டு புள்ளியும் கண்ணுக்குள் நின்றன. ரிப்போர்ட் எங்கே என்று கேட்டாள். அப்புறம் தருவார்களாம் என்றேன். கவர் என் கைப்பையில் இருந்தது. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் என்னை நம்பினாள். அதுதான் இன்றுவரை தாங்கமுடியவில்லை. "எடுக்கறதுக்காவது ஒத்துக்கினாங்களா?" என்று கேட்டாள். ஆமாம், கல்யாணம் முடிந்ததும் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "போதும் சித்தி" என்றாள்.

கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு நாற்காலி போட்டோம். பெண்ணின் கையை மாமா பிடித்துக் கொடுக்க, அக்கா உட்கார்ந்தபடியே தண்ணீர் வார்த்தாள். தாலி ஏறும்போது பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அம்மா மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று பயம்.

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன். அப்போது மட்டும் மாமா யார் பேச்சையும் கேட்கவில்லை. பொண்ணுக்கு வாக்கு குடுத்தாச்சு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். எடுத்த கட்டியை வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். வெள்ளையாக, முற்றின தேங்காய் அளவுக்கு, கல் மாதிரி. பரிசோதனை முடிவு வர நாளானது. அந்த நாள்களில் நான் வேண்டிக்கொண்டதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அக்கா பிழைக்கவேண்டும் என்று வேண்டினேன், அதே வாயால் அந்த டாக்டர் சொன்னது தப்பாகிவிடக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தும்விட்டேன். தப்பாக இருந்தால் நான் செய்தது சரியாகிவிடும்.

முடிவு வந்தது. சாதாரணக் கட்டி. படத்தில் பார்த்துச் சொன்ன அதே கட்டி. வயிற்று நீர் திரும்ப ஏறவே இல்லை. நெஞ்சு நீரும் தானாக வற்றியது. ஒரு மாதத்தில் அக்கா களத்துமேட்டில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். மருமகன் கால் வைத்த நேரம் என்றார்கள். கல்யாணம் பண்ணிப் பார்த்த புண்ணியம் என்றார்கள். கத்தி பட்டால் ஓடும் என்று சொன்ன மாமாவின் அண்ணன்தான் இதை எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்.

பெண் ஓசூர் போய்விட்டாள். காலேஜில் பேர் அடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அங்கேயே ஏதாவது பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாள். ஆடிக்கு வந்தபோது அம்மாவின் அடுத்த செக்கப்புக்காகக் காகிதங்களை எல்லாம் தேதிவாரியாக அடுக்க உட்கார்ந்தாள். உன்னிடம் இருப்பதையும் கொண்டுவா சித்தி என்று ஃபோன் செய்தாள். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பு இல்லை. கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் பிரித்துப் படித்தாள். அதே மாதிரி விரலை வைத்து, வரி வரியாக. கடைசி வரிக்கு வந்ததும் விரல் மேலே போய் மூலையில் இருந்த தேதியில் நின்றது.

"இது பந்தக்கால் நட்ட மறுநாள் சித்தி."

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு நான் உன்ன கேட்டேன்."

"கேட்டடி."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் அழுது காலைப் பிடித்திருப்பேன். அவள் காகிதத்தை மடிப்பு கலையாமல் மடித்து, வில்லியனூர் ரிப்போர்ட்டுக்கும் ஆபரேஷன் சீட்டுக்கும் நடுவில், அதற்குரிய இடத்தில் வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"தெரிய வாணாம். என் படிப்பு தன்னாலதான் போச்சுனு அது ஒக்காந்துக்கும்."

அதற்குள் அக்கா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல நிறம் வந்திருந்தது, கையில் சதை பிடித்திருந்தது. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள், படிக்கத் தெரியாவிட்டாலும். எத்தனை பேரிடம் சொன்னாளோ, அதையே மறுபடி சொன்னாள்.

"நீ கழுத்த நீட்டுன நேரம்டி. அதான் எனக்கு உசிரு திரும்புச்சு."

பெண் ஃபைலை மூடினாள். என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றாள்.